ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது

எங்கள் கம்பெனி கேண்டீனில் உலக அரசியல் பகல் பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடிந்துவிடும். அதற்குமேல் பேசினால் லைன் நின்றுவிடும். காருக்கு பிரேக் பாகம் செய்யும் கம்பெனி, வல்லம் வடகால் எஸ்டேட்டில் இருக்கிறது. நான் அங்கே குவாலிட்டியில் வேலை பார்க்கிறேன். பதினாறு வருஷமாகப் பாகத்தைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்வதுதான் என் பிழைப்பு. வீட்டிலும் உனக்கு அதே புத்திதான் என்று என் அண்ணன் குறை சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அண்ணன் பதினோரு வருஷம் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்தவன். இப்போது எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறான். சாம்பாரில் கை வைத்ததும் ஆரம்பித்துவிடுவான். "அங்க ஓட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ராஜா சொன்னா முடிஞ்சுது. ரோட்டுல ஒரு குழி வுழுந்தா மறுநாள் காலைல மூடிட்டுத்தான் மறுவேலை. இங்க இன்னா கீது? அஞ்சு வருசத்துக்கு ஒருதபா வந்து கும்புடு போடுவானுங்க, அப்பால ஆளையே காணோம்."

"அப்போ உன் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வெச்சிக்கினானே, அதை யாராண்ட போய் கேட்ட?" என்பேன் நான்.

"அது வேற" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குவான்.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் கொரியாக்காரர். சில நாள் அவரும் எங்கள் மேஜைக்கு வருவார். அவர்கள் நாட்டில் ஜனாதிபதி ஒருவர் ஒரே ஒரு தடவைதான் பதவியில் இருக்கலாமாம், ஐந்து வருஷம். அதற்குள்ளேயே சரியில்லை என்றால் ஜனங்கள் குளிரில் தெருவில் வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். இறக்கியும் இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும். அதே மனிதர், எங்கள் லைனில் மூன்று பேர் சேர்ந்து நின்று பேசினால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜனாதிபதியை இறக்கலாம், டீ டைமை ஐந்து நிமிஷம் கூட்டிக் கேட்கக் கூடாது. இது என்ன நியாயம் என்று அவரிடம் நான் கேட்டதில்லை. வேலை வேண்டுமே.

இந்த நாட்டு ஆட்சி, அந்த நாட்டு ஆட்சி என்று நான் இங்கே பெரிதாக எழுத வந்ததற்குக் காரணம் ஒரு பாதை. எங்கள் தெருவின் கடைசியிலிருந்து புறப்பட்டு, இரண்டு குடோனுக்கு நடுவில் போய், அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போகிற மண் பாதை. ரெவின்யூ கணக்கில் வண்டிப்பாதை. நடந்தால் பதினைந்து நிமிஷம், சைக்கிளில் ஐந்து நிமிஷம். என் மகள் பிளஸ் டூ. தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போய்வருவாள். அந்தப் பாதையை விட்டால் ஒரகடம் ரோட்டில் ஏறித்தான் போகவேண்டும். நான்கு கிலோமீட்டர். ஓரத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், எதிர்த்திசையில் பைக்குகள் வரும். அந்த ரோட்டில் நானே ஸ்கூட்டி ஓட்டிப் போகும்போது உள்ளங்கை வேர்த்துவிடும். என் பிள்ளை சைக்கிளில் போகிற ரோடா அது?

போன வருஷம் ஜூலையில் ஒரு புது கிரைண்டிங் மிஷினைப் பொருத்தி ஓட்டிக் கொடுப்பதற்காக சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். அறுபதைத் தொடப்போகிற வயது. மூன்று மாதம் தங்கினார். எனக்கு டிப்ளமோ இங்கிலீஷ் கொஞ்சம் வரும் என்பதால் அவருடன் கூடவே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவரும் கேண்டீனில் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அண்ணனுடைய ராஜாவுக்கு மவுசு போயிற்று.

அவர்கள் நாட்டில் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை ஓட்டுப் போடுவார்களாம். ஆளுக்கு இல்லை, விஷயத்துக்கு. இந்தச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா. வீட்டுக்கே தபாலில் ஒரு புத்தகம் வரும். வேண்டும் என்பவர்கள் ஏன் வேண்டும் என்கிறார்கள், வேண்டாம் என்பவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள், இரண்டும் அதில் இருக்கும். படித்துவிட்டு எழுதித் தபாலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். நாட்டை நடத்துவது ஏழு பேர், வருஷத்துக்கு ஒருவர் தலைவர். இந்த வருஷம் யார் என்று கேட்டால் தெருவில் போகிற பாதிப் பேருக்குத் தெரியாது என்றார்.

"தலைவர் யாருன்னே தெரியாம ஒரு நாடா?" என்று அண்ணன் வாயைப் பிளந்தான். "போஸ்டர் ஒட்றவன் எப்படிப் பொழைப்பான்?"

அவருடைய சொந்த கிராமத்தில் இன்னும் ஒரு வழக்கம். ஓட்டு உள்ளவர்கள் எல்லோரும் ஒரு ஹாலில் கூடி, ஊர் செலவு, பள்ளிக்கூடம், ரோடு எல்லாவற்றையும் கை தூக்கி முடிவு செய்வார்களாம். எனக்கு அப்போது ரோஷம் வந்துவிட்டது. இது என்ன பெரிய அதிசயம், எங்களுக்கும் இருக்கிறது கிராம சபை, சட்டத்திலேயே இருக்கிறது என்றேன். இன்னொன்றும் சொன்னேன். உங்கள் ஊரில் பெண்களுக்கு எப்போது ஓட்டு வந்தது? அவர் கொஞ்சம் தயங்கினார். தன் அம்மா கல்யாணமாகி வந்த பிறகுதான் வந்தது என்றார். எங்கள் நாட்டில் முதல் தேர்தலிலேயே பெண்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று அடித்தேன் ஒரு அடி. மேஜை முழுவதும் கைதட்டியது. அவரும் சிரித்துக்கொண்டே தட்டினார். அந்த மிதப்பில்தான் ஆகஸ்ட் பதினைந்து எங்கள் ஊர் கிராம சபைக்கு வாருங்கள், கண்ணால் பாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

என் வாய் இருக்கிறதே.

ஆகஸ்ட் பதினைந்து காலை, பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகை. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, நாற்காலி போட்டிருந்தார்கள். தலைவர் பேசினார். ஒன்றியத்திலிருந்து வந்தவர் பேசினார். தண்ணீர் வரவில்லை என்று நாலு பெண்கள் சத்தம் போட்டார்கள். நான் ஒவ்வொன்றையும் அவருக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊராட்சிச் செயலர் பையன், முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும், தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தான். பெரிய நோட்டு. மேலே பாதிப் பக்கம் காலி. கீழே கையெழுத்துகள்.

அது எங்கள் ஊர் வழக்கம். நான் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று நினைக்கிறேன். கிராம சபை செல்லுபடியாகவேண்டும் என்றால் எங்கள் ஊர் ஜனத்தொகைக்கு இருநூறு பேர் கணக்கு காட்டவேண்டும். கொட்டகைக்கு வருவது எழுபது எண்பது பேர். மிச்சத்தை ரேஷன் கடையிலும் நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலும் வாங்கிவிடுவார்கள். முதலில் கையெழுத்து, பிறகு ஆற அமர உட்கார்ந்து மேலே தீர்மானம் எழுதிக்கொள்வார்கள். கையெழுத்து என்றால் எங்களுக்கு வந்தேன் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். கல்யாணத்தில் மொய் எழுதுகிற மாதிரி.

செயலர் பையன் சுவிஸ்காரரிடமும் நோட்டை நீட்டினான். "சார், நீங்களும் ஒண்ணு போடுங்க. ஃபாரின்காரர் கையெழுத்து இருந்தா கெத்தா இருக்கும்." அவர் பக்கத்தைப் பார்த்தார். எழுத்து எங்கே என்று என்னைக் கேட்டார். பிறகு எழுதுவார்கள் என்றேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டி, தான் இந்த ஊர்க்காரர் இல்லை, போடக் கூடாது என்று சொல்லி, பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆயிற்று. எங்கள் ஊரை மட்டமாக நினைத்துவிட்டார் என்று கோபம். அவர் பார்க்கவேண்டும் என்றே நோட்டை வாங்கி, என் முழுப் பெயரையும் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் அண்ணன். அவனும் போட்டான்.

செப்டம்பர் முதல் வாரம், ஒரு புதன்கிழமை சாயங்காலம், மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அம்மா, பாதைல சுவர் எழுப்பறாங்க. ஜேசிபி நிக்குது. நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராதன்னு வாட்ச்மேன் சொல்லிட்டாரு."

அப்படியே போட்டது போட்டபடி ஓடினேன். உண்மைதான். இரண்டு குடோனையும் சேர்த்து ஒரே காம்பவுண்டாக ஆக்குகிறார்கள். நடுவில் இருந்த எங்கள் பாதை உள்ளே போய்விட்டது. அஸ்திவாரம் தோண்டி, ஹாலோ பிளாக் இறக்கி, ஒரு பக்கம் இடுப்பளவு சுவர் வந்துவிட்டது. வாட்ச்மேனிடம் கத்தினேன். அவர் பாவம், "என்னாண்ட ஏம்மா கத்துற? ஆபீஸ்ல போய் கேளு, பஞ்சாயத்தே லெட்டர் குடுத்துக்கீது" என்றார்.

மறுநாள் லீவு போட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். செயலர் பையன் டீ வாங்கிக் கொடுத்தான். நான் குடிக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தை எடு என்றேன். அவன் நெளிந்தான். பிறகு எடுத்தான். ஆகஸ்ட் பதினைந்து. நீலப் பேனாவில், குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது: மேற்படி வண்டிப்பாதை பல ஆண்டுகளாகப் பொதுமக்கள் உபயோகத்தில் இல்லாத காரணத்தால், அதனை மாற்று உபயோகத்திற்குக் கொடுப்பதில் ஆட்சேபனை இல்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அதன் கீழே முதல் வரிசையில் மூன்றாவதாக என் கையெழுத்து. முழுப் பெயரோடு. பெரிதாக.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பதினாறு வருஷம் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கழிக்கிறவள், ஒரு பக்கத்தைப் பார்க்காமல் பாஸ் போட்டிருக்கிறேன். என் பிள்ளை போகிற வழியை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"உபயோகத்துல இல்லையா? தினம் நீயே அந்த வழியாத்தானேடா வண்டில போற?"

"அக்கா, மேல சொன்னாங்க, எழுதினேன். நான் இன்னா பண்ணட்டும்? எல்லா ஊர்லயும் இப்படித்தான் எழுதறது" என்றான். அவன் முகத்தில் குற்ற உணர்ச்சிகூட இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

மேலிடத்தில் மனு கொடுத்தேன். மனு ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்குப் போய், அங்கிருந்து எங்கள் பஞ்சாயத்துக்கே திரும்பி வந்தது. கிராம சபை ஏகமனதாகத் தீர்மானித்ததை மாற்றவேண்டும் என்றால் கிராம சபைதான் மாற்றவேண்டும் என்று போனில் ஒருவர் எனக்குச் சட்டம் சொன்னார். ஜனங்களுடைய அதிகாரத்தில் நாங்கள் தலையிட முடியாதம்மா என்றார். அவருக்குக் கோடி நமஸ்காரம்.

அதற்குள் மகள் ரோட்டில் போக ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் வேலை, விடிவதற்குள் கிளம்பிவிடுவார். எனக்கும் காலை ஷிப்ட். கொண்டுபோய் விட ஆள் இல்லை. மூன்றாவது நாளே ஒரு கன்டெய்னர் ஒட்டிக்கொண்டு போன காற்றில் தடுமாறி, ஓரத்துச் சேற்றில் விழுந்து, முழங்காலில் தோல் வழன்று வந்தாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். பள்ளிக்கூடத்தில் போன் எடுத்துப் போக விடமாட்டார்கள். போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்று சாயங்காலம் வரை எனக்குத் தெரியாது. அதுவரை என் கை பாகத்தைத் திருப்பும், கண் எங்கேயோ இருக்கும். இரண்டு தடவை சரியில்லாததைச் சரி என்று அனுப்பி மெமோ வாங்கினேன். ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பாகத்தைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவேன்.

கேண்டீனில் சுவிஸ்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. அது ஒரு நல்ல குணம். அவர்கள் ஊர்க் கூட்டத்துக்கும் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் வருவார்கள், அதுவும் தன் வீட்டு வாசலில் ஏதாவது பிரச்சினை என்றால்தான் வருவார்கள் என்றார். ஒரு பஸ் நிழற்குடை கட்ட எட்டு வருஷம் சண்டை போட்டார்களாம். ஆனால் தீர்மானம் முதலிலேயே அச்சடித்து வீட்டுக்கு வந்துவிடும் என்றார். அந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார்.

அச்சடித்து வருகிறதோ இல்லையோ, படித்துக் காட்டவாவது வைக்கிறேன் பார் என்று நான் கிளம்பினேன். அடுத்த கிராம சபை அக்டோபர் இரண்டு. இருந்த நாட்களில் ஷிப்ட் முடிந்து வந்ததும் வீடு வீடாக ஏறினேன். பாதையைத் திறக்கத் தீர்மானம் போடவேண்டும், எல்லோரும் வாருங்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வெற்றுப் பக்கத்தில் இனிமேல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள், ரேஷன் கடையில் நீட்டினாலும் போடாதீர்கள், படித்துக் காட்டினால் மட்டும் போடுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "நீ சொல்றதும் கரெக்ட்டுதாங்கா, இன்னா எழுதிக்கீதுன்னே தெரியாம எத்தினி தபா போட்டுக்கீறோம்" என்றார்கள்.

எங்கள் மாடி அறையில் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லோரும் தெற்கேயிருந்து வந்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். அதில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் நன்றாகப் பேசுவாள். அவர்கள் கம்பெனி பஸ் நிற்பதும் அந்தப் பாதை முடிகிற இடத்தில்தான். இப்போது ரோட்டைச் சுற்றிப் போகிறார்கள்.

"யக்கா, நாங்களும் கூட்டத்துக்கு வாரோம். நாலு பேரும் வாரோம்" என்றாள்.

"உங்களுக்கு ஓட்டு இங்க இல்லியேம்மா. கணக்குல சேத்துக்க மாட்டாங்க."

"நாலு வருசமா இங்கனதான கெடக்கோம். ஓட்டு ஊர்ல கெடக்கு, கால் இங்கன கெடக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாதையில் நடக்கிறவர்களை எண்ணினால் முக்கால்வாசி இவளைப் போன்ற பிள்ளைகள்தான். இவர்கள் எல்லோருக்கும் ஓட்டு இங்கே இருந்திருந்தால் அந்தச் சுவரில் ஒரு கல்கூட ஏறியிருக்காது.

அக்டோபர் இரண்டு வந்தது. கொட்டகையில் நூற்றி நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. செயலர் பையன் நோட்டை எடுத்ததும் நான் எழுந்தேன். "மொதல்ல எல்லாத் தீர்மானத்தையும் எழுதிப் படி. அப்பால கையெழுத்து" என்றேன். ஜனம் "ஆமா, ஆமா" என்றது. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார்.

படிக்க ஆரம்பித்தான். டெங்குக் கொசு ஒழிப்பு. குடிநீர்த் தொட்டியில் குளோரின். பிளாஸ்டிக் தடை. மேலேயிருந்து அனுப்பிய தலைப்புகள் மட்டும் இருபதுக்கு மேல். ஒவ்வொன்றையும் எழுதி, படித்து, எழுதி, படித்து. வேண்டுமென்றே மெதுவாகச் செய்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் ஆயிற்று. பாதை இன்னும் வரவில்லை. அப்போது வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

காந்தி ஜெயந்தி லீவுதான். ஆனால் ஆர்டர் இருக்கிறது என்று எங்கள் கம்பெனியில் இரண்டாவது ஷிப்டுக்கு டபுள் சம்பளத்தில் ஓ.டி. போட்டிருந்தார்கள். ஹாரன் அடித்தது வேறு யாரும் இல்லை, என் அண்ணன். நான் வெளியே ஓடி, பத்து நிமிஷம் நிற்கச் சொன்னேன்.

"பத்து நிமிசம் லேட்டானா எனக்கு மெமோ. உன் கிராம சபை குடுக்குமா சம்பளம்?" என்றான். சொன்னது என் கூடப்பிறந்தவன். அவன் பெண்ணும் அந்தப் பாதையில்தான் டியூஷனுக்குப் போகிறாள்.

ஐம்பது பேர் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டுமா என்று இரண்டு பேர் என்னைக் கேட்டார்கள். படித்து முடிக்காமல் எப்படிப் போடுவது? வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பினேன். கடைசியில் எங்கள் பாதைத் தீர்மானத்தைப் படித்து, எல்லோரும் கை தூக்கி, கையெழுத்துப் போட்டு முடித்தபோது எண்ணிப் பார்த்தான். தொண்ணூற்றேழு.

"அக்கா, இருநூறு வேணும். எப்பவும் ரேஷன் கடைல மிச்சத்தை வாங்கிடுவேன். இந்த தபா நேத்தே எடுத்துகினு போனேன், ஒரு பொம்பள கூட போடல. நீ சொல்லிக்கீறியாமே, படிச்சுக் காட்டினாத்தான்னு" என்றான். "ஆள் கணக்கு இல்ல. கூட்டமே செல்லாது."

வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் ஊரில் ஒழுங்காக ஒரு கிராம சபை நடந்தது. அது செல்லாது. பாதையை மூடிய கூட்டம் செல்லும், பாதையைத் திறக்கக் கூடிய கூட்டம் செல்லாது. கொட்டகையில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டேன். மழை வேறு ஆரம்பிக்கப் போகிறது. ஐப்பசி மழையில் அந்த ரோட்டு ஓரம் எப்படி இருக்கும் என்று ஒரகடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

செயலர் பையன் நாற்காலியை அடுக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கெட்ட பையன் இல்லை அவன். "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. தலைவரும் எறங்கி வந்துட்டாரு. தேர்தல் வருது, பொம்பளைங்க வயித்தெரிச்சல் வேணாம்னாரு. பழைய மாதிரியே பண்ணிடலாம். புதுப் பக்கம் ஒண்ணு தரேன். நாளைக்கு நீயே எடுத்துகினு போய் கையெழுத்து வாங்கினு வா. தேதி இன்னைக்கிதான். மேல பாதை மேட்டரை நான் எழுதிக்கிறேன். நீ கூப்ட்டா யாரு மாட்டேன்னுவாங்க?"

"தென்காசிப் பொண்ணு மாதிரி ஆளுங்க போடலாமா?"

"போடட்டும். ஓட்டர் லிஸ்ட்டை வெச்சிகினு யாரு பொருத்திப் பாக்கறாங்க?"

தூ என்று துப்பிவிட்டு எழுந்து போயிருக்கவேண்டும். ஒரு நிமிஷம் அப்படித்தான் எழுந்தேன். பிறகு மகளுடைய முழங்கால் நினைவுக்கு வந்தது. நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே அதே வீடுகளில் ஏறினேன். அதே வாசல்கள். மூன்றாவது வீட்டில் அந்த அம்மா பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னாக்கா, வெத்துப் பக்கமா கீது? நீதானே போடாதன்னு சொன்ன?"

"பாதை மேட்டர்தான். அப்பால எழுதிக்கலாம். போடு."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. போட்டாள். கேட்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். என்மேல் இருந்த நம்பிக்கையில் போட்டாள். இருநூறு பேரில் நான்கே நான்கு பேர்தான் போடமாட்டேன் என்றார்கள். அந்த நான்கு பேர்மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். கடைசியில் ஆள் குறைந்தது. மாடி ஏறினேன். தென்காசிப் பெண் ஷிப்ட் முடிந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"இந்த ஊர்ல மொத தடவையா எங்கிட்ட கையெழுத்துக் கேட்டிருக்கீக யக்கா" என்று சொல்லி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். மற்ற மூன்று பேரையும் எழுப்பிப் போட வைத்தாள். அவள் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

தீர்மானம் மேலே போயிற்று. கீழே வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் மகள் மழையில் ரோட்டில்தான் போனாள். எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். டிசம்பரில் ஒரு நாள் சுவரில் ஒரு பக்கம் இடித்து, சைக்கிளும் ஆளும் போகிற அளவுக்கு வழி விட்டார்கள். கிராம சபையின் ஏகமனதான தீர்மானத்தின்படி என்று ஆபீஸ் வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மகள் சீக்கிரமே வந்துவிட்டாள். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அம்மா, தெறந்துட்டாங்க! பேப்பர் ஒட்டியிருக்கறதைக் காலைல போறப்பவே நின்னு முழுசாப் படிச்சேன். ஊரே சேந்து தெறந்துருக்கு. எங்க பொலிட்டிகல் சயின்ஸ் மிஸ்கிட்ட சொன்னேன், எங்க அம்மாதான் முன்ன நின்னாங்கன்னு. நாளைக்கு க்ளாஸ்ல வந்து சொல்லணும்னு சொல்லிட்டாங்க. எப்படிம்மா பண்ணீங்க? எல்லாரும் உக்காந்து பேசினீங்களா?"

"ஆமா" என்றேன்.

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க."

"அடுத்த வருசம் எனக்குப் பதினெட்டு. நானும் உன்கூட வந்து கையெழுத்து போடறேன்" என்றாள்.

இருபத்தைந்து வருஷமாக ஓட்டுப் போடுகிறேன். எத்தனையோ பேர் எங்கள் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை நான் திட்டாத நாள் இல்லை. என் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வா" என்று சொல்லிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.